தொம்மென்ற பாறை

மூடிக் கிடந்த நிக்கல் சுரங்கத்தில் பேய்ப்படம் எடுக்க வந்தவர்களுக்கு ரப்பர் பிக்காசு வாங்கக்கூட வக்கில்லை. நிஜப் பிக்காசையும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஆளையும் ஊரிலேயே பிடித்தார்கள். ரைனோ அங்கேயே இருபத்திரண்டு வருஷம் பாறையில் துளை போட்டவன்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் அவன் கடப்பாரையால் கூரையைத் தட்டுவான். டங்கென்றால் கெட்டி. தொம்மென்றால் உள்ளே பிளந்திருக்கிறது. அதன் கீழே எவனும் நிற்க மாட்டான்.

“யோவ் ரைனோ, கதவத் தட்டுனது போதும், உள்ள யாரும் இல்ல,” என்றான் இயக்குநர் மர்ரே. “பிலிமு ஒரு சுருள்தான் மிச்சம்.”

“கடைசி அஞ்சடி இன்னும் தட்டிப் பாக்கல.”

“எந்த ஊருல பேய் கூரையத் தட்டுது? மூஞ்சிய மாட்டு!”

ரப்பர் பேய் முகமூடியை ரைனோவுக்கு மாட்டி, பின்னந்தலையில் வாரை இறுக்கிக் கட்டினார்கள். நாயகி டோரீனிடம் மர்ரே சொன்னான்: “இந்தாளு என்ன கத்தினாலும் நம்பாத. பயந்து ஒதுங்கு.”

கேமரா ஓடியது. டோரீன் ஓடிப்போய் அந்த அஞ்சடியின் மூலையில் ஒண்டினாள். ரைனோ பிக்காசை ஓங்கினான். முனை கூரையில் இடித்தது.

தொம்.

அவள் தலைமுடியில் பொடிக்கல் உதிர்ந்தது.

“வெளிய வா! பாறை விழுது!”

ரப்பருக்குள் குரல் அமுங்கியது. அவள் இன்னும் உள்ளே நகர்ந்தாள்.

“நெசமாத்தான் டோரீன்!”

அலறினாள். வாரை அவிழ்க்க நேரமில்லை. பிக்காசை எறிந்துவிட்டு அவள் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தான். மணிக்கட்டில் பல் பதியக் கடித்தாள். அவன் விடவில்லை. இருவரும் உருண்டார்கள். அவள் ஒண்டியிருந்த இடத்தில் வண்டி கனத்துக்கு ஒரு பாறை இறங்கியது.

புழுதிக்குள் கேமராக்காரன் குரல்: “மர்ரே… எல்லாம் பதிஞ்சிருச்சு.”

“சொல்லித் தொலைக்கக் கூடாதாய்யா?” டோரீன் இருமினாள்.

“தொண்டை கிழியச் சொன்னேனேம்மா.”

ஏப்ரலில் ஊர்க் கொட்டகையில் படம் ஓடியது. முழுக்கச் சுரங்கத்து ஆட்கள். திரையில் வந்த ரத்தத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“டேய் ரைனோ, உன் மூஞ்சிக்கு அந்த ரப்பரே தேவல!”

அப்போது திரையில் பொடிக்கல் உதிர்ந்தது.

சிரிப்பு அறுந்தது. பேயை ஒருவனும் பார்க்கவில்லை. “வெளிய வா பொண்ணே!” என்று கொட்டகையே கத்தியது. பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்.

முடிவு தெரிந்த ரைனோவும் நின்றுகொண்டிருந்தான்.