தலை வராத படம்

சிட்டு தைத்து விற்ற பொருளைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. அறுவை சிகிச்சையில் ஒரு மார்பை இழந்த பெண்களுக்கான பிரா அது. உட்பக்கம் பை மாதிரி ஒரு திறப்பு இருக்கும். அதற்குள் வைக்க, மெல்லிய பருத்தித் துணியில் பஞ்சும் பொடிப்பொடிக் கண்ணாடி மணிகளும் அடைத்த ஒரு திண்டு. மணி குறைந்தால் திண்டு மேலே ஏறிக்கொள்ளும். கூடினால் தோளை இழுக்கும். அந்த அளவு கைக்குப் பிடிபட அவளுக்கு ஒரு கோடைகாலம் முழுக்க ஆயிற்று.

பிடிபட்டது அக்காவின் உடம்பில்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கடையில் வாங்கிய ரப்பர் மார்பு வேர்த்து ஊறி, நடக்கும்போதெல்லாம் நழுவி, அக்காவைப் படாத பாடு படுத்தியது. வீட்டு முன்னறையில் துணி சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்த சிட்டு, ஜிப் மாற்றுவதையும் கால் நீளம் குறைப்பதையும் ஒதுக்கிவிட்டு, அக்காவை நிற்கவைத்து அளவெடுத்துத் துணியை வெட்டினாள், தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். ஒருநாள் அக்கா கண்ணாடி முன் நின்று, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, "அடியே, தோள் ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்குடி" என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதார்கள்.

பரிசோதனைக்குப் போன இடத்தில் அக்காவே பக்கத்து நாற்காலிக்காரிகளிடம் சொன்னாள். அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். ஃபோனில் ஒரு குழு உண்டாயிற்று. முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் அளவு வந்தது. இடித்தது பணம் அனுப்புகிற இடத்தில்தான். வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அனுப்பியதைப் படம் பிடித்துக் காட்டி, வீட்டில் யாராவது "யாருக்கு இது?" என்று கேட்டால் பதில் சொல்லி... பாதிப்பேர் அந்த இடம் வரைக்கும் வந்து பின்வாங்கிவிடுவார்கள். ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்: "கார்டுல வாங்கற மாதிரி இருந்தா மத்த சாமானோட சாமானா இதையும் வாங்கிடுவேங்க. ஆள்கிட்ட பேசித்தான் வாங்கணும்னா கூச்சமா இருக்கு."

சிட்டு கம்ப்யூட்டர்காரரிடம் போனாள். தெருக்கோடியில் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். இணையத்தில் கடை போட்டுக்கொடுப்பதும் அவர் தொழில்தான்.

"கார்டு நம்பர் நம்ம கைக்கே வராதும்மா. பணம் வாங்கிக் குடுக்கற கம்பெனியோட பக்கத்துக்கு நேரா போயிடும். ஆனா நீங்க யாரு என்னன்னு அவங்க நம்பணும்ல? கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. சலிச்சுக்காதீங்க."

கேட்டார்கள். அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடையில் முகவரி இருக்க வேண்டும், எடுக்கக்கூடிய ஃபோன் நம்பர் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் பணம் எப்போது வரும் என்று எழுத வேண்டும். சிட்டு ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வந்தாள். வாங்குகிறவர்களின் கார்டு பில்லில் கடையின் பெயர் எப்படித் தெரிய வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. அதற்குத்தான் நாள்கணக்கில் யோசித்தாள். புருஷனோ மாமியாரோ பில்லைப் பார்த்தாலும் எதுவும் தோன்றக் கூடாது. கடைசியில் 'பூங்கா துணியகம்' என்று வைத்தாள். பார்சலுக்கும் வெளியே எதுவும் எழுதாத பழுப்பு உறைதான்.

"ஜனங்க மானத்தக் காப்பாத்த ரொம்பத்தான் மெனக்கெடறீங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர். அந்தச் சொல் அவளுக்கு இனித்தது.

எல்லாம் கூடி வந்த சமயத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. கடையில் போட்டிருந்த படங்கள் வேறொரு நிறுவனத்தின் தளத்தில் இருப்பவை, விற்கும் பொருளின் சொந்தப் படங்கள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான். அழகாக இருக்கிறதே என்று அவள் எங்கிருந்தோ எடுத்துக்கொடுத்த படங்கள் அவை. தான் தைத்ததை மேசைமேல் பரப்பிப் படம் எடுத்துப் பார்த்தாள். கசக்கிப் போட்ட கைக்குட்டை மாதிரி இருந்தது.

"இதப் பாத்தா யாரு வாங்குவா? ஒடம்புல எப்படி நிக்குதுன்னு தெரியணும்மா. யாரையாவது போட்டுக்கச் சொல்லி எடுங்க" என்றார் அவர்.

யாரைக் கேட்பது? கேட்கவே வேண்டியிருக்கவில்லை. படம் அவள் ஃபோனிலேயே இருந்தது. தோள்பட்டை வார் எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதற்காக, ஜன்னல் வெளிச்சத்தில் அக்காவை நிறுத்தி எடுத்தது. "தலை வராம எடுடி. பாத்துட்டு அழிச்சிரு" என்று அக்கா சொல்லியிருந்தாள். "சரிக்கா" என்று இவளும் சொல்லியிருந்தாள். அழிக்க மறந்தாள் என்று சொல்லிவிட முடியாது. அந்த வெளிச்சத்தில் தையல் அவ்வளவு எடுப்பாக விழுந்திருந்தது. தன் கைவேலையை அழிக்க மனசு வரவில்லை.

மோவாய்க்குக் கீழே வெட்டினாள். இடது கழுத்தெலும்பின் மேல், சின்ன வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு இலை வடிவத்தில் தெரிந்தது. அதை மறைத்துப் பார்த்தாள். அந்த இடம் அழுக்குப் பட்டதுபோல் ஆயிற்று. பழையபடியே விட்டாள். அக்காவுக்கு ஃபோன் பண்ண நினைத்து, எடுத்து, கீழே வைத்தாள். 'ரெண்டு நாளைக்குத்தானே. அனுமதி வந்ததும் மாத்திடலாம். எந்த ஊர்லயோ இருக்கறவங்களுக்கு யாருன்னு தெரியவா போகுது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டால் அக்கா மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை என்பது அப்போதே அவளுக்குத் தெரியும்.

அனுமதி வந்தது. சிட்டு பார்ப்பதற்குள் கம்ப்யூட்டர்காரர் பார்த்துவிட்டார். கடை திறக்கும் சேதியைச் சொல்லச் சிட்டுவே அவரைக் குழுவில் சேர்த்திருந்தாள். நல்ல மனுஷன், சந்தோஷத்தில் பணம் கட்டும் இணைப்பைக் குழுவிலேயே போட்டுவிட்டார். அடுத்த நிமிஷம் அக்காவின் ஃபோன்.

"முதல் போணி என்னோடதுதான். எவளும் முந்தறதுக்குள்ள போடறேன். லைன்லயே இரு, தப்பாப் போட்டா சொல்லிக் குடு."

"அக்கா, இப்ப வேண்டாமே. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. சாயங்காலமா..."

"போடி, நல்ல காரியத்தத் தள்ளிப்போடுவாங்களா? பின்னாடி இருக்கற மூணு நம்பர்தானே கேக்குது? ம்... ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கு, இரு... போட்டாச்சு. அட, பணம் போயிடுச்சுடி! பில்லுல பூங்கா துணியகம்னு வருதே, நீ வெச்ச பேரா? நல்லாத்தான் இருக்கு."

சிட்டு இதற்குள் மேசைக்கு ஓடி மடிக்கணினியைத் திறந்திருந்தாள். படத்தை எடுக்கும் வழி தெரியவில்லை. உள்ளே நுழையும் கடவுச்சொல் கம்ப்யூட்டர்காரரிடம் இருந்தது.

"சரி, கடையச் சுத்திப் பாக்கறேன்" என்றாள் அக்கா.

"அக்கா, அப்புறம் பாரேன்..."

"இரு, இரு."

அக்கா வீட்டில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை மூடினார்கள்.

"சிட்டு, இது நான்தானே."

சிட்டு மடிக்கணினியைச் சாத்தினாள்.

"அழிச்சிருன்னு சொன்னேனே."

"அக்கா, தலை வெட்டிட்டேன், யாருக்கும் தெரியாதுன்னு..."

"எனக்குத் தெரியுதே" என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "அத்தான் வர்றாரு. வெச்சிடறேன்."

கம்ப்யூட்டர்காரர் படத்தை எடுத்துவிட்டார். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, "நூறு பேருக்குப் பக்கமா இருக்கும்மா" என்றார். யார் படம் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததே அவளைக் குத்தியது.

பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அத்தான். வழக்கமாக "வா வா, தையல் மகாராணி" என்று கேலி செய்கிறவர், அன்று வாசலை அடைத்துக்கொண்டே நின்றார்.

"தூங்கறா."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அது அவருக்கும் கேட்டிருக்கும், அவளுக்கும் கேட்டது.

"அத்தான், ஒரு நிமிஷம் பாத்து மன்னிப்பு..."

"ஆபரேஷன் ஆனதுலேருந்து அவ என் முன்னாடியே விளக்கப் போட்டுக்கிட்டுத் துணி மாத்தினதில்ல. தெரியுமா ஒனக்கு? ஒன் முன்னாடி மட்டுந்தான் நின்னா." கதவை அறைந்து மூடியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மெதுவாகத்தான் மூடினார்.

அக்கா பணம் கட்டியதற்கான பார்சலைச் சிட்டு அனுப்பிவைத்தாள். சில நாள் கழித்துப் பணக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. முதல் பணத்தையே கார்டுக்காரர் திருப்பிக் கேட்டிருக்கிறார். தன் அனுமதி இல்லாமல் தன் படத்தைப் போட்டு விற்ற கடை என்று வங்கியில் புகார் தந்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறீர்களா, எதிர்த்து வாதாடுகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். அத்தான்தான் செய்திருப்பார் என்று சிட்டு நினைத்தாள். அக்காவே செய்திருக்கலாம் என்ற நினைப்பு பின்னால் வந்தது. அதுதான் அதிகம் வலித்தது.

"எதிர்த்துப் போடுங்கம்மா. பார்சல் போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சி இருக்கு. படம்தான் எடுத்தாச்சே. மொத ஆர்டர்லயே குத்தத்த ஒத்துக்கிட்டா கடையவே நிறுத்தி வெச்சிடுவாங்க" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

சிட்டு ஒப்புக்கொண்டாள். காரணம் கேட்ட கட்டத்தில், 'அவர் சொல்வது உண்மை. கேட்காமல் போட்டேன்' என்று எழுதினாள். அவர் சொன்னபடியே கார்டு வசதி நின்றுபோனது.

ஏன் நின்றது என்று குழுவில் கேட்டார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிடலாம். விரல் அதைத்தான் தட்டப் போயிற்று. ஒரு முறை வாயை மூடிக்கொண்டு பட்டது போதும் என்று, ஒருவரின் படத்தைச் சம்மதம் இல்லாமல் கடையில் போட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்று எழுதினாள். யார் என்று சொல்லவில்லை. அப்புறம், கார்டு வேண்டும் என்று முதலில் கேட்டவளே எழுதினாள்: 'அளவுக்காக நாங்க அனுப்பின படமெல்லாம் உங்க ஃபோன்லதானே இருக்கு?'

சிட்டுவுக்கு உட்கார்ந்த நாற்காலி தரையோடு இறங்குவதுபோல் இருந்தது. இருந்தன. ஆஸ்பத்திரி அறையிலும், பூட்டிய குளியலறையிலும், துண்டு பிடித்துக்கொண்டும் எடுத்து அனுப்பிய படங்கள். அவள் அவற்றை ஒருநாளும் வேறெதற்கும் தொட்டதில்லை. அதைச் சொன்னால் இனி யார் நம்புவார்கள்? அவர்கள் நம்ப வேண்டும் என்று கேட்கக்கூட அவளுக்கு வாய் இல்லை.

ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்ததும் அந்தந்தப் பெண்ணுக்குத் தனியே எழுதினாள். சிலர் 'சரி' என்றார்கள். ஒருத்தி 'பரவால்லீங்க' என்றாள். பலர் பதிலே போடாமல் குழுவிலிருந்து விலகினார்கள். ஒவ்வொரு பெயரும் மறையும்போது யாரோ தன்னைத் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுபோல அவளுக்கு இருந்தது.

படம் இல்லாமல் நூல்கயிறு வைத்து அளவெடுக்கும் முறையை வரைந்து எழுதினாள். பழைய தையல் பொம்மை ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தைச் சீவித் தட்டையாக்கி, அதற்கு மாட்டிப் படமெடுத்தாள். அத்தனை அழகாக இல்லை. ஆனால் யாருடைய உடம்பும் அதில் இல்லை. பணக் கம்பெனிக்குத் திரும்பவும் எல்லாவற்றையும் அனுப்பினாள். நெடுநாள் இழுத்தடித்து, கார்டு வசதியைத் திறந்துவிட்டார்கள். ஆர்டர் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியது. சந்தோஷப்படுவதா என்று தெரியாமலே கட்டி அனுப்பினாள்.

அக்கா வந்தது மழைக்காலத்தில், ஒரு பகல்வேளை. சொல்லாமல் வந்தாள். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, முன்னறையில் நின்று சுற்றிப் பார்த்தாள். இளைத்திருந்தாள். சிட்டு எழுந்து நின்றாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"உக்காருக்கா."

"உக்கார வரல. நீ தெச்சதுல வார் ரெண்டும் தளந்துபோச்சு. திண்டும் ஒரு பக்கமா சரியுது. இத வெச்சுக்கிட்டு ஆபீஸ் போக முடியல."

"அக்கா, அன்னிக்கு நான்..."

"அத இப்ப பேச வேண்டாம். நீ கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பேனா, மாட்டேன்னிருப்பேனா, அது எனக்கே தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். தெரிஞ்சுக்கவே முடியாம பண்ணிட்ட." சட்டையின் மேல் பொத்தானில் கை வைத்தவள், வைத்தபடியே நின்றாள். "ஃபோன வெளில வெச்சுட்டு வா."

சிட்டுவின் முகம் தீப்பட்டதுபோல் எரிந்தது. மேசைமேல் இருந்த ஃபோனை எடுத்துக்கொண்டு போய் வாசலில் செருப்பு அலமாரியின் மேல் வைத்தாள். திரும்பி வந்து அறைக்கதவைச் சாத்தினாள். பிறகு ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். வெளிச்சம் போதவில்லை. விளக்கைப் போடட்டுமா என்று கேட்டாள்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "போடு. சீக்கிரம் முடி" என்றாள்.

சிட்டு அளவு நாடாவை எடுத்தாள். அக்கா கையை லேசாகத் தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள்.