ஒரு வயது கூட

காலை பத்து மணி இருபது நிமிடம். படைப் பதிவு அலுவலகத்தின் ஆண்டு வயதுப் பட்டியல் பன்னிரண்டு மணிக்குள் மேலே போயாக வேண்டும். கடைசித் தாளை மட்டும் வயசக்கா இன்னும் கையில் வைத்திருந்தாள். இருபது வருடமாக இந்தப் பட்டியலைப் போடுகிறாள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

எதிர் மேசைத் தட்டச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, இந்த வருஷமும் காலாட்படை முழுக்க மீசை முளைக்காத பசங்கதானா?"

"சராசரி இருபத்திரண்டு. கடற்படை இருபத்தேழு. விமானப்படை முப்பத்தொண்ணு."

"அதான் அங்க எல்லாருக்கும் தொப்பை."

"எஞ்சினைக் கழட்டி மாட்டக் கத்துக்கவே ஏழெட்டு வருஷம் ஆகும். கத்துக்கிட்டவனை யாரு விடுவா? காலாட்படைக்கு முட்டி நல்லா இருந்தா போதும்."

"முட்டி போயிட்டா?"

"வேற முட்டி வரும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பட்டியலின் கடைசிக் கட்டம் 'அதிக வயது'. காலாட்படைச் சிப்பாய்களில் மூத்தவருக்கு இன்றோடு முப்பத்தைந்து. முப்பத்தைந்து முடிந்தால் விடுவிப்புக் கடிதம். அதுவும் இந்த மேசையிலிருந்துதான் போகும். எண்ணுக்கு நேரே இருந்த பெயர் அவள் மகனுடையது.

உண்மையில் அவனுக்கு முப்பத்து நாலு.

பள்ளியில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்றார்கள். அவனுக்கு நாலு. இவளுக்கு வேலை புதிது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. படிவத்தில் பிறந்த வருடத்தில் ஒன்றைக் குறைத்து எழுதினாள். மருத்துவமனைப் பிறப்புச் சீட்டு தொலைந்துவிட்டது என்று கையெழுத்தும் போட்டாள். ஊரில் பாதிப் பேர் செய்ததுதான். ஒரு வருடத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தாள்.

பதினாறு வருடம் ஒன்றும் ஆகவில்லை. விமானப்படையில் எஞ்சின் பழுது பார்க்கும் வேலைக்கு அவன் போய் நின்றபோதுதான் ஆனது. இருபத்தொன்று முடிந்திருக்கக் கூடாது. காகிதத்தில் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பிறப்புச் சீட்டு அன்று அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. எடுத்து நீட்டினால் பொய்க் கையெழுத்து வெளியே வரும். வயதைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் இவளை வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று நாளைத் தள்ளினாள். அந்தத் திங்கட்கிழமை அவன் காலாட்படை வரிசையில் போய் நின்றுவிட்டான். அங்கே இருபத்து மூன்று வரை எடுத்தார்கள்.

இன்று சீட்டு அவள் கைப்பையில் இருந்தது. நீட்டினால் அவனுக்கு இன்னும் ஒரு வருடம் கிடைக்கும், ஓய்ந்துபோன முட்டியோடு மலை ஏறுவதற்கு. அதைக் கேட்க அவள் கொண்டுவரவில்லை. இன்றாவது அவனிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தொலைபேசி அடித்தது. அவன்தான்.

"அம்மா, உன் புள்ள கிழவனாயிட்டான்."

"சும்மா இருடா."

"நிஜமா. இங்க பசங்க எல்லாம் தாத்தான்னுதான் கூப்பிடறானுங்க. காலைல ஊன்றுகோலுக்கு ரிப்பன் கட்டிப் பரிசா குடுத்தானுங்க. என் பக்கத்துக் கட்டில்காரனுக்குப் பத்தொன்பது. அவன் தூக்கத்துல சிரிக்கிறான்மா."

"முட்டி எப்படி இருக்கு?"

"முந்தியெல்லாம் நான் சொல்றதை அது கேட்டுது. இப்ப அது சொல்றதை நான் கேக்கறேன்."

அவள் பையைத் திறந்தாள். மஞ்சளாகிப்போன சீட்டு மடிப்பில் கிழிந்திருந்தது. தட்டச்சர் தலையைக் குனிந்துகொண்டு தட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கடிதம்தானே? தெரியும்மா. உன் கையால வருதேன்னு மனசைப் போட்டு உழப்பிக்காதே. தப்பு என்னோடதுதான். படிப்பு முடிச்சிட்டு ஒரு வருஷம் வெட்டியா சுத்தினேனே, நீ கூடத் திட்டினே, ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"பதினாலு வருஷமா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வயசு கம்மியா இருந்திருந்தா விமானப்படைல எடுத்திருப்பாங்கல்லம்மா?"