திரும்பி வந்த கரியர்

கறியில் பிழையா, சோற்றில் பிழையா என்று நிருஜா மூன்று நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் போனில் ஓடர் கொடுப்பார்கள். ஊரில் தனித்திருக்கும் தாய் தகப்பனுக்கு அவளுடைய கரம்பொன் குசினியிலிருந்து மத்தியானச் சாப்பாடு சில்வர் அடுக்குக் கரியரில் போகும். நாற்பது வீடு சேர்ந்ததும் இறுப்பிட்டியில் இரண்டாவது குசினியும் திறந்தாள். இப்போது அது பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு வீடாகச் சாப்பாட்டை நிறுத்த, மிஞ்சியது எட்டே வீடு. அவையும் போனால் கரம்பொன்னுக்கும் பூட்டுத்தான்.

நிறுத்தியவர்களில் ஒருவராவது குறை சொன்னாரா? "சாப்பாடு நல்லம்" என்றுதான் எழுதினார்கள். அதுதான் அவளைத் தின்றது.

கடைசியில், நேற்று நிறுத்திய சிவபாதத்தின் வீட்டுக்கே போய்விட்டாள். மாத்தறையில் கடை வைத்திருந்த மனிதர், மகள் கனடாவில்.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. உறைப்புக் கூடிப்போச்சோ?"

"சாப்பாட்டிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. எனக்குத்தான் ஏலாமப் போச்சு."

"சாப்பிடவோ?"

"குடுக்க! கரியரை வெறுமனே திருப்பிக் குடுக்க ஏலுமே? நாலு முருங்கைக்காய் வைச்சன். அடுத்த நாள் நீர் மேலதிகமா மீன் பொரியல் வைச்சனீர். நான் தேசிக்காய் வைச்சன். நீர் பாயாசம் வைச்சனீர்! வளவிலை இனி ஒண்டுமில்லை. போன கிழமை இந்த முழங்காலோடை கடைக்கு நடந்துபோய் விசுக்கோத்து வாங்கி வைச்சனான். அதுதான் நிப்பாட்டச் சொன்னன்."

நிருஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வந்த கரியர்களில் காயும் முட்டையும் கண்டு, சாப்பாடு பிடித்துப்போயிற்று என்றல்லவா பூரித்திருந்தாள்! வந்ததற்கெல்லாம் பதிலுக்கு ஒன்று கூட்டி வைத்து அனுப்பியதும் அவள்தானே. அத்தனை வீட்டையும் தானே விரட்டியிருக்கிறாள்.

"அப்ப கடதாசிப் பெட்டியிலை அனுப்புறன், ஐயா. திருப்பித் தர வேண்டாம். மகள் காசு கட்டுறா தானே?"

"மகள் கட்டுறா. சமைச்சது நீரெல்லோ? திண்டிட்டுப் பேசாமல் இருக்கிறது வடிவில்லை, பிள்ளை."

புறப்பட்டவளை வெறுங்கையோடு விடுவாரா? கிணற்றடிப் பப்பாசியின் கடைசிப் பழத்தைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டியில் கொழுவிவிட்டார்.

மற்ற எட்டு வீட்டுக்கும் பெட்டியில் அனுப்பிப் பார்த்தாள். பெட்டியையும் துடைத்து, அதற்குள் முட்டை வைத்து நீட்டினார்கள். ஒவ்வொரு வீடாக நின்றது. மாத முடிவில் குசினியைப் பூட்டும்போது அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் சிவபாதத்தின் துணிப்பையைக் கழுவிக் காயப்போட்டாள். காய்ந்த பையை மடித்தாள். அதை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனம் வராமல், வீட்டு அடுப்பை மூட்டினாள்.