பத்துப் பொட்டு

மருதப்பனுக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து ஐந்து வருஷம். நோய் அவருக்கு, பாடு மனைவி கண்மணிக்கு. காலையில் எழுந்ததும் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவருடைய சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைப்பாள். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறத்துக்குப் போய்விட்டால், தேக்கா சந்தையில் காய்கறி விற்கிற அந்த ஆறடி மனிதர் திருட்டு முழி முழிப்பார்.

"நேத்து கோப்பியில சீனி போட்டீங்களா?"

"ஒரு கரண்டி லா."

"ஒரு கரண்டிக்கு இந்தக் கலர் வராது."

பால் டின்னில் அளந்த சோற்றுக்கு ஒத்துக்கொண்டார். ஊசிக்கு ஒத்துக்கொண்டார். பாதத்தை மட்டும் காட்டமாட்டார். தினமும் பாருங்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "நெருப்புல நடக்கிற காலு. அதுக்கு என்ன வந்துடப்போகுது?" என்று வேட்டிக்குள் இழுத்துக்கொள்வார்.

அது வெறும் ஜம்பம் இல்லை. 1953இல் பிரசவத்தில் கண்மணி பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்தபோது, சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மனிடம் ஒன்பது வருஷம் பூக்குழி இறங்குவதாக வேண்டிக்கொண்டவர் அவர். பிள்ளை தங்கவில்லை. அவள் தங்கினாள். எட்டு வருஷம் இறங்கிவிட்டார். போன வருஷம் குழியைக் கடந்து வந்ததும், "சூடே தெரியல கண்மணி. ஆத்தா குளிர வச்சுட்டா" என்று குழந்தை மாதிரி அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கண்மணியும்தான்.

இந்த வருஷத்துத் தீமிதிக்குப் பத்து நாள் இருந்தது. சந்தையிலிருந்து மதியம் வந்தவர் நடந்த இடமெல்லாம் சிமெண்டுத் தரையில் சிவப்புச் சொட்டு. கண்மணி பதறிப்போய் அவரை உட்கார வைத்துக் காலைத் திருப்பினாள். அவருடைய மரக்கட்டைச் செருப்பின் வாரிலிருந்து கழன்ற ஆணி, குதிகாலில் தலைவரை இறங்கியிருந்தது.

"வாரு காலையிலதான் பிஞ்சுது. நானே அடிச்சுக்கிட்டேன்" என்றார் சாதாரணமாக.

அவள் ஆணியைப் பிடுங்கினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. தக்காளி வரத்து குறைந்துபோனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போன வருஷம் அவர் காலில் தெரிந்த குளிர்ச்சி எதுவென்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அழைத்து வந்தாள். வழியெல்லாம் ஒரே யோசனை. ஒருவரிடமிருந்து நகையைப் பிடுங்கலாம், நிலத்தைப் பிடுங்கலாம். கிடைத்த அருளைப் பிடுங்க மனசு வருமா? ஆனால் பிடுங்காவிட்டால் கால் போய்விடும்.

"இந்த வருஷம் இறங்க வேணாங்க."

"உன் உயிருக்குச் சொன்ன வாக்குடி! ஒரு வருஷம்தான் பாக்கி. ஆத்தாள ஏமாத்தச் சொல்றியா?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். அவள் குங்குமச் சிமிழை எடுத்துவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"கண்ண மூடிக்குங்க. நான் கால்ல தொடறப்ப சொல்லுங்க."

அவர் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் போனது.

"ம், தொடு."

அவள் சிமிழை மூடினாள்.

"எவ்வளவு நேரம்டி? தொடப்போறியா இல்லியா?"

"கண்ணத் தொறங்க."

பத்து விரலிலும் பத்துப் பொட்டு. அழுத்தி வைத்த பொட்டு.

மருதப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து பெருவிரலைத் தேய்த்துப் பார்த்தார். "அப்ப போன வருஷம்..." என்றார்.

கண்மணி அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அதுக்கு முன்ன ஏழு வருஷம் சுட்டுச்சுல்ல? சுட்டும் நடந்தீங்கல்ல? அது ஆத்தாளுக்குத் தெரியும். உயிரு என்னோடது. கடைசி வருஷத்த நான் முடிக்கிறேன்."

தீமிதி அன்று கோயிலைச் சுற்றி அவள் கும்பிடுதண்டம் போட்டாள். விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து. குதிகால் கட்டோடு, அவளுடைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மருதப்பன் கூடவே நடந்தார். குழி பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவராகவே இரண்டு காலையும் நீட்டினார். "முதல்ல இதப் பாத்துடு." அவள் கட்டைப் பிரித்து, விரல் இடுக்கெல்லாம் விலக்கிப் பார்த்தாள். புதுக் காயம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் தரையில் இறங்கி உட்கார்ந்து, தோல் வழன்றிருந்த அவள் முழங்காலில் மஞ்சளும் எண்ணெயும் தடவினார்.

"வலிக்குதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதுங்க. உயிர் போகுது."

"நல்லா வலிக்குதா?"

"ஆமாங்க."

அவர் அந்த முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"ஆத்தா உனக்காவது அத விட்டு வச்சிருக்காளே" என்றார்.