ஆறாம் வாய்க்காலில் ஓர் இலை விழுந்தது

நடராசா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் பைக்குள் போட்டார். தலையில் எப்போதும் கட்டியிருக்கும் சிவப்புத் துவாயையும் அவிழ்த்துச் சைக்கிள் கரியரில் செருகினார். கண்ணாடியும் துவாயும் இருந்தால் அரை மைல் தூரத்திலேயே நடராசா வருகிறார் என்று வாய்க்கால் முழுக்கத் தெரிந்துவிடும். அறுபது வயதில் இப்படியொரு மாறுவேடம் போடுவாய் என்று போன வருசம் யாராவது சொல்லியிருந்தால், "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டிருப்பார். இப்போது விசர் பிடித்தது அவருக்குத்தான். வெயில் ஏறமுதல், தன் முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குப் பாய்ச்சாமல் வாய்க்காலோடு போகவிட்டுவிட்டு, அந்தத் தண்ணீருக்குப் பின்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைசி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

எல்லாம் கஜேந்தினியின் வேலை. நடராசாவின் தங்கச்சி மகள். கிளிநொச்சி ரவுணில் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிக்கிறாள். ஆறாம் வாய்க்கால் சனத்துக்கென்றே போனில் ஒரு விளையாட்டைச் செய்து, அதற்கு மருதமரம் என்று பேரும் வைத்திருந்தாள். விளையாட்டு வலு லேசானது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் போனுக்கு ஊரில் ஒருவருடைய பெயர் வரும். அடுத்த வெள்ளிக்குள் அந்த ஆளுக்கு, அவருக்குத் தெரியாமல் ஒரு நல்லது செய்யவேண்டும். நல்லது கிடைத்தவர் தன் போனில் அமுக்கினால், எல்லோருடைய போனிலும் இருக்கிற மருதமரத்தில் ஓர் இலை துளிர்க்கும். செய்தது இன்னார்தான் என்று அவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் அந்த இலை விழுந்துவிடும். விழும்போது ஊர் முழுக்க மணியடித்து, பிடிபட்டவரின் பெயரையும் காட்டிக்கொடுக்கும்.

"நல்லது செய்யிறதுக்கும் போன் வேணுமோடி?" என்று முதல் நாள் நடராசா நக்கலடித்தார்.

"வேண்டாம் மாமா. போன் இல்லாமல் இவ்வளவு காலமும் எத்தினை செய்தனீங்கள் எண்டு சொல்லுங்கோவன்."

அன்று பின்னேரமே மனிதர் விளையாட்டைத் தன் போனிலும் ஏற்றுவித்துக்கொண்டார்.

பிறகு ஊர் கெட்டுப்போனது. அதாவது, நல்லவிதமாகக் கெட்டுப்போனது. மழை இருட்டிக்கொண்டு வந்த ஒருநாள், கொடியில் காய்ந்த உடுப்பெல்லாம் மடித்தபடி வாசல் கதிரையில் இருப்பதைக் கண்டு, நடராசாவின் மனைவி இரஞ்சிதம் ஒரு கிழமையாகத் துப்புத் துலக்கினாள். பஸ் தரிப்பிடத்தில் உடைந்து கிடந்த, சனம் குந்துகிற வாங்கு ஒரே இரவில் நிமிர்ந்து நின்றது. யாராவது சும்மா சிரித்தாலே இவன்தானோ என்று சந்தேகம். ஒருவரையொருவர் உளவு பார்க்கவென்று வெளிக்கிட்ட சனம், அடுத்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை, யாருடைய கிணற்றில் கப்பி உடைந்திருக்கிறது என்பதையெல்லாம் அறிந்து வைத்துக்கொண்டது. நடராசாவுக்கோ இது சீட்டுக்கட்டில் முன்னூற்றிநாலு விளையாடுவது மாதிரித்தான். துருப்பை மறைத்து வைத்திருந்து கடைசியில் அடிக்கிற சுகம். அவர் போட்ட இலைகளில் ஒன்றுகூட இதுவரை விழவில்லை. அந்தப் பெருமையை யாரிடமும் சொல்ல வழியில்லாததுதான் அவருக்கிருந்த ஒரே கவலை.

இந்த வெள்ளிக்கிழமை வந்த பெயரைப் பார்த்ததும் அந்தக் கவலையும் பறந்துவிட்டது. வீரம்மா.

உடனே மருமகளுக்குப் போன் போட்டார். "பிள்ளை, இந்தப் பேரை மாத்தித் தா."

"அது கொம்பியூட்டர் போடுறது மாமா. நானில்லை," என்றாள் கஜேந்தினி. குரலுக்குள் சிரிப்பு இருந்ததா என்று நடராசாவுக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

வீரம்மாவின் வயல் ஆறாம் வாய்க்காலின் கடைசி வயல். நடராசாவினுடையது முதலாவது. நடராசாவின் தகப்பன் கரவெட்டியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். வீரம்மாவின் தாய் தகப்பன் எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு, உடுத்த உடுப்போடு வந்து காடு வெட்டியவர்கள். முதல் வயல்காரர் குடித்த மிச்சம்தான் கடைசி வயலுக்கு. அந்த மிச்சமும் தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் பல நாள் போய்ச் சேராது. மூன்று வருசத்துக்கு முன் கமக்காரர் கூட்டத்தில் வீரம்மா எழும்பி இதைக் கேட்டாள். நடராசாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "தோட்டக்காட்டு ஆக்களுக்கு வயலைப் பற்றி என்ன தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இரண்டொருவர் சிரித்தார்கள். வீரம்மா கதிரையை மடித்துச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு கதைத்ததில்லை. ரோட்டில் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டிறங்கி, அவர் கடந்துபோகும்வரை வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த முதுகு நடராசாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். சொன்னது பிழையென்று அவருக்கு அன்றைக்கே விளங்கியது. ஆனால் அதைப் போய்ச் சொல்வதற்கு வாய் வரவேண்டுமே.

இப்போது, வாயைத் திறக்காமலே ஒரு நல்லது செய்ய வழி கிடைத்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அவளுக்குத் தேவை தண்ணீர் ஒன்றுதான். அவருடைய மூளைக்குள் ஆறாம் வாய்க்காலின் ஒழுங்கு இதுதான்: முதலில் நடராசா விதைப்பார், பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக, எல்லோருக்கும் கடைசியில் வீரம்மா. தகப்பன் காலத்திலிருந்து அப்படித்தான். அவரே நாளைக்குத்தான் விதைக்கப்போகிறார். முளைகட்டிய நெல் ஈரச் சாக்குக்குள் வீட்டு முற்றத்தில் கிடக்கிறது. ஆகவே வீரம்மாவின் வயல் இன்னும் சேறடிக்கத் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடக்கும். இதற்குக் கண்ணாடி போட்டுப் பார்க்கவேண்டிய தேவை என்ன இருக்கிறது?

கடைசி வரம்பில் குந்தி, வயலுக்குள் தண்ணீர் இறங்கும் வக்கடையை மண்வெட்டியால் வெட்டித் திறந்தார். தண்ணீர் களகளவென்று உள்ளே பாய்ந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு வயல் கறுப்பாக, விரிவாகத் தெரிந்தது. அவருக்கு அழுகை வருமாப் போல் இருந்தது. சந்தோசத்தில்தான். நீ குடி, நல்லாய்க் குடி என்று வயலுக்குச் சொல்லிவிட்டு, ஒருவரும் காணமுதல் சைக்கிளை எடுத்தார்.

பத்து மணிபோல் இரஞ்சிதம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நடராசா பக்கத்திலிருந்து தேத்தண்ணி குடித்தபடி, இலை எப்போது துளிர்க்கும் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். துளிர்த்தது. அவர் கையைத் தட்டாத குறை. அதே நேரம் ஊர்க் குறூப்புக்கு ஒரு குரல்செய்தியும் வந்தது. மீன்கையோடு இருந்த இரஞ்சிதம் புறங்கையால் அதை அமுக்கினாள்.

"வணக்கம்ங்க, வீரம்மா பேசுறேன். காலையில யாரோ நம்ம வயலுக்குத் தண்ணி தொறந்து விட்டிருக்கீங்க. போன கெழமை மழைத் தண்ணி நிக்கையில, டிராக்டர் வச்சிருக்க அஜந்தன் தம்பி சொல்லாம வந்து உழுது குடுத்திருச்சு. அதனால நான் நேத்தே வெதைச்சுட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மொளையெல்லாம் மெதந்து ஒரு மூலையில ஒதுங்கிருச்சு. வெதைநெல்லு வேற இல்ல, என்ன செய்றதுன்னு பாக்கணும். ஆனா யாரும் மனசு சங்கடப்படாதீங்க. கெடுதல் பண்ணணும்னு யாரும் பண்ணியிருக்க மாட்டீங்க. கடைசி வயலுக்குத் தண்ணி வரணும்னு ஒருத்தர் நெனைச்சீங்களே, இத்தனை வருஷத்துல இதான் மொதத் தடவை. நான் இலைக்கு அமுக்கிட்டேன்."

"ஆரோ ஒரு விசரன்! விதைச்ச வயலுக்கு ஆரும் தண்ணி விடுவானோ?" என்றாள் இரஞ்சிதம். நிமிர்ந்து பார்த்தாள். நடராசாவின் முகத்தில் ஈயாடவில்லை. தேத்தண்ணிக் கோப்பை அப்படியே வாய்க்கு முன்னால் நின்றது. வெறுந் தலை.

"இஞ்சாருங்கோ, உங்கட துவாய் எங்கை?"

"கரியரில."

"ஏன் கரியரில?"

நடராசா சொன்னார். இரஞ்சிதம் கத்தியைக் கீழே வைத்தாள். "ஐயோ கடவுளே! மனிசர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டோ நல்லது செய்யப் போறது?" என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "தெரிஞ்சால் பழிக்குச் செய்தனீங்கள் எண்டுதான் சொல்லுவினம். கூட்டத்தில பேசினது காணாதெண்டு விதைப்பையும் அழிச்சுப்போட்டான் எண்டு சொல்லுவினம். ஒருத்தருக்கும் தெரியாதுதானே. பேசாமல் இருங்கோ."

அதுதான் நடராசாவின் நெஞ்சையும் போட்டு அறுத்தது. ஆயுளில் அந்த மனிசிக்கென்று செய்த ஒரேயொரு நல்லது, சொன்னால் பழிவாங்கியதாகிவிடும். சொல்லாவிட்டால் இலை மரத்திலேயே இருக்கும். அவள் போட்ட இலை. விதைப்பு அழிந்துபோன மனிசி சேற்றுக்குள் நின்றபடி போட்ட இலை. ஒரு சாக்கு முளைநெல்லை யாரும் பார்க்காமல் அவளுடைய வரம்பில் வைத்துவிட்டு வரலாமா என்றும் யோசித்தார். விளையாட்டுச் சட்டப்படி அது சரி. பிடிபடவும் மாட்டார். ஆனால் அவள் ரோட்டில் சைக்கிளை விட்டிறங்கி, அவர் கடந்துபோகும்வரை வேலியைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள். முகம் தெரியாத யாருக்கோ மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

அவர் எழும்பிப்போய் முற்றத்துச் சாக்குகளைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இளஞ்சூடு. வெள்ளை முளை அளவாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டக்காரி நெல், முதல் தரம். இரண்டு சாக்கையும் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் தூக்கிப் போட்டார்.

"அப்ப நாளைக்கு எங்கட விதைப்பு?" என்று கேட்டுக்கொண்டு இரஞ்சிதம் வெளியே வந்தாள்.

"திருப்பி ஊறப்போடுவம். முளைச்சாப்போல விதைப்பம்."

"வாய்க்காலில முதல் விதைப்பு நீங்களெல்லோ? ஒரு வருசமும் விட்டதில்லையே."

"முதல் விதைப்பு நேற்றே முடிஞ்சுது," என்றார் நடராசா.

இரஞ்சிதம் சைக்கிள் கரியரிலிருந்து துவாயை எடுத்து உதறி அவரிடம் நீட்டினாள். "கண்ணாடியையும் போட்டுக்கொண்டு போங்கோ. இனி ஆரின்ரையோ வயலுக்குள்ள லாண்ட்மாஸ்ரரையும் இறக்கிப்போடாமல்."

லாண்ட்மாஸ்ரர் சத்தம் ஊரையே எழுப்பும். பட்டப்பகலில், சிவப்புத் துவாய் கட்டிய நடராசா இரண்டு சாக்கோடு வாய்க்கால் ரோட்டில் கீழே போவதை எல்லா வயல்காரரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

வீரம்மா தண்ணீரை வடியவிட்டு, ஒதுங்கின முளையை மூலையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ள அள்ளச் சேறுதான் வந்தது. வரம்பில் நட்டிருந்த தடியில் அவளுடைய போன் பொலித்தீன் பைக்குள் தொங்கியது. எஞ்சின் நின்றதும் திரும்பிப் பார்த்தாள். ஆளைக் கண்டதும் வழக்கம்போல் முதுகு திரும்பியது.

நடராசா இறங்கி வரம்பில் நின்றார். வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்த வசனமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"தண்ணி திறந்துவிட்டது நான்தான்," என்றார்.

முதுகு அசையவில்லை.

"பழிக்கில்லை. என்ர பிள்ளையளாணை பழிக்கில்லை. எனக்கு உங்கட பேர் வந்தது. நீங்கள் இன்னும் விதைச்சிருக்க மாட்டியள் எண்டு நானாய் நினைச்சுப்போட்டன். எனக்கு முதல் நீங்கள் விதைப்பியள் எண்டு எனக்கு... எனக்கு அப்பிடி நினைக்கத் தெரியேல்லை." பெட்டிப்பக்கம் கையைக் காட்டினார். "என்ர முளைநெல் கொண்டு வந்திருக்கிறன். இண்டைக்கே விதைக்கலாம்."

வீரம்மா திரும்பினாள். கையிலிருந்து சேறு சொட்டியது. முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு சாக்குகளை.

"காலையிலேருந்து யோசிச்சிட்டேதான் இருக்கேன்," என்றாள். "அஜந்தனா இருக்குமோ, வாத்தியாரா இருக்குமோன்னு. இந்த வாய்க்கால்ல ஒரு வீடு விடாம எல்லாரையும் நெனைச்சுப் பாத்தேன். உங்களை மட்டும் நெனைக்கல."

அடித்திருந்தால்கூட நடராசா தாங்கியிருப்பார்.

"அண்டைக்குக் கூட்டத்தில நான் சொன்னது..." என்று தொடங்கினார்.

"அந்தக் கதை இன்னொரு நாளைக்கு," என்று வீரம்மா இடைமறித்தாள். குரலில் கோபமும் இல்லை, இளக்கமும் இல்லை. "அதைச் சின்னதா பேசி முடிக்க முடியாதுங்க. இப்ப மொளை காஞ்சிரும்."

வரம்புக்கு வந்து கையைக் கழுவி, பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். "ஒங்க பேரைப் போட்டா இலை விழுந்திரும். போடவா?"

ஒரு விளையாட்டிலும் தோற்று அறியாத நடராசா, மூக்குக் கண்ணாடியைத் துவாயில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "போடுங்கோ," என்றார்.

அவள் ஈர விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினாள். முதலில் அவளுடைய போனில் மணியடித்தது. பிறகு அவருடைய சேர்ட் பைக்குள். அடுத்த வயலில், அதற்கடுத்த வயலில், வாய்க்கால் நெடுக மேலே மேலே ஒவ்வொன்றாக மணியடித்துக்கொண்டு போனது. யாரோ தூரத்தில் "ஆர்? நடராசண்ணையோ!" என்று கூவினார்கள்.

கடைசி மணியும் அடங்கமுதல் இருவரும் சேற்றைப் பலகையால் மட்டப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். வேலை முடிந்ததும் வீரம்மா கடகம் நிறைய முளைநெல்லை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கடகத்தை வரம்பில் அவருடைய காலடியில் வைத்தாள்.

"எறங்குங்க. அந்த மூலை ஒங்களோடது."

நடராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஆறாம் வாய்க்காலில் அவர் கால் வைக்காத வயல் இது ஒன்றுதான். சேறு கணுக்காலுக்கு மேல் ஏறிக் குளிர்ந்தது. அந்த மூலையில் காலையில் மூழ்கிய முளைகள் இன்னும் வெள்ளை வெள்ளையாய் ஒட்டிக்கிடந்தன. பைக்குள் போன் மறுபடி அடித்தது. இரஞ்சிதமாக இருக்கும். இரண்டு கையும் நிறைய நெல். முன்னால் வீரம்மா வீசிக்கொண்டு போனாள், அவளுடைய முதுகு அவருக்குத் தெரிந்த அதே முதுகு. அவர் அடி தவறாமல் அவளுக்குப் பின்னால் போய், அவள் வீசாமல் விட்ட இடமாகப் பார்த்து வீசினார்.