லதூசேர் வம்சம்

பிரெஞ்சில் லதூசேர் என்றால் இனிமை. நொர்மாண்ட் லதூசேரின் நாக்கில் அது மருந்துக்கும் கிடையாது. நான்கு வருடமாக, சனிக்கிழமை தவறாமல் தேவாலய அலுவலகத்தில் உட்கார்ந்து, பழைய ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடுகளில் தன் வம்சத்தின் வேரைத் தேடிக்கொண்டிருந்தாள். 1760க்கு முன்னால் ஒரு லதூசேர்கூட அகப்படவில்லை.

பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரொலாண்ட் பிரிசெட்டுக்கு அதில் தனி சந்தோஷம். பூசையில் முதல் பெஞ்சை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள் அவள்.

"இந்த ஊர உண்டாக்குனதே எங்க பியேர் பிரிசெட்தான். நீங்கல்லாம் எங்கேருந்தோ வந்து ஒட்டிக்கிட்டவங்க."

"பேச்சக் குறைச்சுட்டு அடுத்த புத்தகத்த எடுங்க, மதாம்."

அன்று நொர்மாண்ட் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதல் லதூசேர் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தாயாக இருந்த மாரி-ஷார்லோத்தின் பெயரைத் தேடினாள். 1758ஆம் வருடக் கல்யாணப் பதிவில் விரல் நின்றது. உரக்கப் படித்தாள்.

"மாப்பிள்ளை, ழாக் பிரிசெட் என்கிற லதூசேர், சிப்பாய். சாட்சி, அண்ணன் பியேர் பிரிசெட்."

லதூசேர் என்பது பட்டாளத்தில் யாரோ கேலிக்கு வைத்த பட்டப்பெயர். பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு பிரிசெட்டை விட்டுவிட்டார்கள்.

ரொலாண்ட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். எழுத்து மாறவில்லை.

"எழுதுன பாதிரியார் தப்பா எழுதியிருப்பாரு," என்றாள்.

"உங்க பியேர் கையெழுத்து கீழேயே இருக்கே, அதுவும் தப்பா?" நொர்மாண்ட் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவள் குரலில் தேன் வழிந்தது.

"நாளைக்குப் பூசைக்கு எங்க வீட்லேருந்து பதினாலு பேர் வர்றோம். முதல் பெஞ்சுல கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அக்கா."