முத்திரையில் என் முகம்

தபால் முத்திரையில் அச்சாகியிருக்கும் முகம் என்னுடையது. கீழே இருக்கும் பெயர் என் மூத்த சகோதரர் ஆதம்பாவா காக்காவுடையது. இதில் நான் யார் என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

காக்கா எங்கள் ஊர்ப் பேச்சிலேயே நையாண்டிக் கவி கட்டுகிறவர். கல்முனைக் கடைத்தெருவில் அவர் வாயில் விழாதவர் கிடையாது. கூடப்பிறந்தவனின் பலசரக்குக் கடையையாவது விட்டிருக்கலாம். “தம்பி அபூசாலிட தராசு பெரிய தொழுகையாளி, ஒரு தட்டு எந்த நேரமும் சுஜூதுலதான்” என்று பாடிவிட்டார். சீனி வாங்க வந்தவர்களெல்லாம், தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்ததுபோல் தாழ்ந்து கிடந்த தட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆறு வருடம் நான் அவரோடு கதைக்கவில்லை. பிறகு சுனாமி அவரையும் கடற்கரையோரம் இருந்த அவர் வீட்டையும் கொண்டுபோய்விட்டது.

யுத்தம் முடிந்த வருடம், தன் வாப்பாவுக்கு நினைவு முத்திரை வெளியிடப் போகிறார்கள் என்று காக்காவின் மகள் ஸகியா ஓடிவந்தாள். படம் கேட்டிருந்தார்கள். அவளிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“சாச்சா, உங்கட கலியாணப் படத்துல வாப்பா பக்கத்துல நிண்டாருதானே?”

“அது கறையான் திண்டுட்டு மகள்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் ஒரே முகவெட்டுத்தானே” என்றாள். தொப்பியும் வட்டக் கண்ணாடியும் மாட்டி ஸ்டூடியோவில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். பொய் சொன்ன வாயால் மறுக்க முடியவில்லை.

வெளியீட்டு விழாவில் வந்திருந்த பிரமுகர் அந்தத் தராசுக் கவியைத்தான் வாசித்தார். என் முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சனம் என்னைப் பற்றிச் சிரித்தது. நானும் சிரித்தேன், யாரைப் பார்த்து என்று தெரியாமல்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸகியா வீட்டுக்கு வந்தாள். கையில் முத்திரை.

“சாச்சா, வாப்பாவ நினைச்சா இப்ப உங்கட முகந்தான் வருது. முந்தி வந்த முகம் வருதில்ல. வாப்பாட தாடி இப்படியா இருந்த?”

ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் நிச்சயமில்லை. வெட்கமாக இருந்தது. அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கலியாணப் படத்தை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அதைக் கறையான் தொட்டதே இல்லை.

“நான்தான் வெட்டினன் மகள். அந்தக் கவி வந்த அண்டைக்கு. வெட்டின பாதிய அடுப்புல போட்டுட்டன்.”

பாதிப் படத்தில் நான் மட்டும் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறேன். என் தோளில் காக்காவின் கை கிடக்கிறது. அதை வெட்டினால் என் தோளும் போகும் என்று அன்றைக்கு விட்டுவைத்திருந்தேன்.

ஸகியா ஏசவில்லை. அந்தக் கையின் வளைந்த சுண்டுவிரலை விரலால் தொட்டாள்.

“இது வாப்பாதான்” என்றாள்.

பிறகு படத்திலிருந்த என் முகத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, அழுதபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.